வாங்கலாமா, வேண்டாமா? மாட் (அறுபதுகளின் பிரிட்டிஷ் இளைஞர் பாணி) பிரியர்களின் கேள்விகள்

'அசல் எம்-51 பார்க்கா' என்று ஆன்லைன் கடை ஒன்றில் 45 பவுண்டுக்கு வாங்கினேன். புத்தம் புதிதாக இருக்கிறது. எல்லா சைஸிலும் வைத்திருக்கிறார்கள். அசல்தானா? (குரோய்டன்)

இல்லை. எம்-51 பார்க்கா கொரியப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவத்தின் நீளமான மேல்கோட். மலிவாகக் கிடைத்ததாலும், ஸ்கூட்டரில் போகும்போது கோட்-சூட்டில் அழுக்குப் படாமல் காத்ததாலும் மாட் இளைஞர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள். எழுபது வருஷப் பழைய துணி எல்லா சைஸிலும் புதிதாக வராது. ஆன்லைனில் வாங்கியதால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். 'அசல்' என்ற விளம்பரத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

தெருச் சந்தையில் ஃபிரெட் பெரி பிராண்ட் சட்டை 8 பவுண்டு. வாங்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

போலி. வேண்டாம்.

அளவு கொடுத்து மூன்று பட்டன் சூட் தைத்தேன். லாபெல் (கோட்டின் மார்பு மடிப்பு) அகலமாகத் தெரிகிறது. திருப்பித் தரலாமா? (ஹாரோ)

முடியாது. உங்கள் அளவுக்கென்றே தைத்த துணிக்கு அந்த 14 நாள் கிடையாது. லாபெல் எத்தனை இஞ்ச் என்று துணி வெட்டுமுன் நீங்கள் கேட்கவே இல்லை. அறுபதுகளின் லண்டன் பையன்கள் வாரச் சம்பளத்தில் தவணை கட்டிக்கொண்டே, லாபெலுக்கும் கோட்டின் பின்பக்க வெட்டுக்கும் அரை இஞ்ச் விடாமல் தையல்காரரிடம் மல்லுக்கு நின்றவர்கள். அந்தக் கவனம் இல்லாமல் மாட் உடை எதற்கு?

'1964 இத்தாலிய லாம்பிரெட்டா' ஸ்கூட்டர் என்று கடையில் 4,200 பவுண்டுக்கு வாங்கி மூன்று வாரம். முன்பணம் 500 கிரெடிட் கார்டில் கட்டினேன். வண்டி உடம்பெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி, சேசிஸ் நம்பரையும் மாற்றி அடித்திருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக். (பிரைட்டன்)

உங்கள் மேல் தப்பில்லை. வண்டியை இனி எடுக்காதீர்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். கடைக்காரர் மறுத்தால் கார்டு நிறுவனத்திடம் போங்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் அவர்கள் பொறுப்பு. திருட்டு வண்டியாகவும் இருக்கலாம் என்பதால் போலீஸிலும் சொல்லிவிடுங்கள்.

இதில் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. மிலானில் இன்னொசென்டி நிறுவனம் லாம்பிரெட்டாவைக் கைவிட்டதும் அந்த இயந்திரங்கள் லக்னோவுக்கு வந்தன. ஸ்கூட்டர்ஸ் இந்தியா அவற்றைக் கொண்டு 'விஜய் சூப்பர்' செய்தது. அதற்கு முன்பே மும்பையில் உரிமம் பெற்று லாம்பிரெட்டா செய்தார்கள். லக்னோ வண்டி மட்டமான வண்டி இல்லை. சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் விற்றால் நானே வாங்குவேன். துருவைப் பட்டியால் மூடி, இத்தாலியப் பெயர்த் தகட்டை ஒட்டி விற்பதுதான் அயோக்கியத்தனம். அப்படி ஒன்றை நானும் 2,300 பவுண்டுக்கு வாங்கினேன். முதல் குளிர்காலத்திலேயே முன்தகட்டின் பட்டி பெயர்ந்து விழுந்தது. தனியாளிடம் வாங்கியதால் 30 நாள் உரிமை இல்லை. 'இத்தாலிய வண்டி' என்று வாயால்தான் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு பைசா திரும்பவில்லை. இப்போது பையில் காந்தம் இல்லாமல் வண்டி பார்க்கப் போவதில்லை. தகட்டில் அது ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது.

லீவைஸ் 501 'ஷ்ரிங்க் டு ஃபிட்' ஜீன்ஸ் துவைத்ததும் சுருங்கிவிட்டது. பணம் கேட்கலாமா? (லெஸ்டர்)

சுருங்கும் என்று பெயரிலேயே இருக்கிறது. அன்று மாட் பையன்கள் அதைப் போட்டுக்கொண்டே குளியல் தொட்டியில் உட்கார்ந்து உடம்போடு சுருங்க வைத்தார்கள். அடுத்த முறை பெரிய சைஸ் வாங்குங்கள்.