டெஸ்ட்டுக்கு மட்டும் ஒரு போஸ்ட்கிரெஸ்: கேள்வி பதில்

யூனிட் டெஸ்ட் ஓடும்போது எழுந்து, முடிந்ததும் காணாமல் போகும் டேட்டாபேஸ் சர்வர் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பழக்கம் போஸ்ட்கிரெஸ், அதை வைத்தே சொல்கிறேன்.

அண்ணா, எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் மெமரியிலேயே ஓடுமே, அது போதாதா?

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். சாதாரண எஸ்கியூலைட் டேபிளில் இன்டிஜர் (முழு எண்) நெடுவரிசையில் 'பத்து' என்று எழுத்தைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். டெஸ்ட் எல்லாம் பச்சை, லைவில் எரர். லைவில் ஓடுவது எதுவோ அதையே, அதே வெர்ஷனில், டெஸ்ட்டிலும் வையுங்கள்.

மெஷினில் ஏற்கெனவே 5432 போர்ட்டில் ஒன்று ஓடுகிறது. அதையே பயன்படுத்தலாமே சார்?

தனியாள் என்றால் சரி. ஒரே சிஐ மெஷினில் (கோடு மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் மெஷின்) இரண்டு பில்ட் சேர்ந்து ஓடினால் ஒன்று போட்ட டேட்டாவை இன்னொன்று அழிக்கும். ஒரு தற்காலிக ஃபோல்டரில் இனிட்டிடிபி (initdb, டேட்டா ஃபோல்டரைத் தயார் செய்யும் கட்டளை) ஓட்டி, பிஜிசிடிஎல் (pg_ctl, சர்வரை எழுப்பி நிறுத்தும் கட்டளை) மூலம் தனி சர்வரை எழுப்புங்கள். லிசன் அட்ரஸைக் காலியாக விட்டு, யூனிக்ஸ் சாக்கெட்டை (போர்ட்டுக்குப் பதில் ஒரு ஃபைல் வழியாக இணைக்கும் வழி) அதே ஃபோல்டரில் வைத்தால் போர்ட் சண்டையே இல்லை.

ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் சாக்கெட்டின் முழுப் பாதை 107 பைட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் பில்ட் ஃபோல்டரின் பெயர் ரயில் மாதிரி நீளம். என் மெஷினில் ஓடுகிறது, சிஐயில் ஓடவில்லை என்று அரை நாள் போனது. டெம்ப் ஃபோல்டரில் சின்னப் பெயராக வைத்ததும் தீர்ந்தது. அப்புறம், ரூட் யூசராக இருந்தால் இனிட்டிடிபி ஓட மறுக்கும்.

ரொம்ப ஸ்லோவாக இருக்கிறதே?

எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட், ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்று டேட்டாவைப் பாதுகாக்கும் மூன்று செட்டிங்கையும் ஆஃப் செய்யுங்கள். கரன்ட் போனால் டேட்டா போகும். போகட்டும், தூக்கிப் போடப்போவதுதானே. லைவில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் நேரத்தைத் தின்பது மைக்ரேஷன், அதாவது டேபிள்களை உருவாக்கி மாற்றும் ஸ்கிரிப்டுகள். அதை ஒரே முறை ஓட்டி ஒரு டேட்டாபேஸைத் தயார் செய்து, டெஸ்ட்டுக்கு டெஸ்ட் அதை டெம்ப்ளேட்டாக வைத்து நகலெடுங்கள். நகலெடுக்கும்போது மூலத்தில் ஒரு கனெக்‌ஷன்கூடத் திறந்திருக்கக் கூடாது. கனெக்‌ஷன் பூலை (திறந்தே வைத்திருக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) மூட மறந்தவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள்.

நகல் எதற்கு? டிரான்சாக்‌ஷன் திறந்து கடைசியில் ரோல்பேக் செய்தால் (செய்ததை எல்லாம் திரும்பப் பெற்றால்) போதாதா?

பல இடங்களில் போதும். ஆனால் தானாக ஐடி கொடுக்கும் சீக்வென்ஸ் எண் ரோல்பேக்கில் திரும்பாது. ஐடி 1 என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் அடுத்த முறை விழும். 'நவ்' ஃபங்ஷன் வேறு டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்கும். பத்து ரோ போட்டால் பத்துக்கும் ஒரே நேரம். 'கடைசியாக வந்த ஆர்டர் எது' என்று சோதிக்கும் டெஸ்ட் என்ன ஆகும்?

போஸ்ட்கிரெஸை டாக்கர் கன்டெய்னரில் (தனிப் பெட்டி மாதிரி ஓடும் சூழலில்) போட்டேன். சில சமயம் முதல் கனெக்‌ஷன் ஃபெயில் ஆகிறது.

காலி ஃபோல்டரோடு எழும்போது போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் முதலில் சாக்கெட்டில் மட்டும் கேட்கும் சர்வரை எழுப்பி, ஆரம்ப ஸ்கிரிப்டுகளை ஓட்டி, நிறுத்திவிட்டு, மறுபடி எழுப்பும். 'ரெடி' என்ற வரி லாகில் இரண்டு முறை வருவது அதனால்தான். முதலாவதை நம்பி ஓடினால் அடி விழும். 127.0.0.1 கொடுத்து டிசிபி வழியாகச் சோதித்துவிட்டு உள்ளே போங்கள்.

கன்ட்ரோல்-சி அடித்தால் பழைய சர்வர்கள் அப்படியே கிடக்கின்றனவே?

டெஸ்ட்டுக்குக் கன்டெய்னர் எழுப்பித் தரும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரி என்றால் ரியூக் என்ற துணை கன்டெய்னர் பெருக்கிவிடும். சொந்த ஸ்கிரிப்ட் என்றால் ஷெல்லின் டிராப் (trap, ஸ்கிரிப்ட் நிற்கும்போது ஓட வேண்டிய கட்டளை) போட்டு, சர்வரை இமீடியட் மோடில் நிறுத்தி, ஃபோல்டரை அழியுங்கள். கில் மைனஸ் 9 (புரோகிராமை உடனடியாகக் கொல்லும் கட்டளை) அடித்தால் அந்த டிராப்பும் ஓடாது. அதற்கு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்திருக்கிறேன், ராத்திரி வந்து கூட்டிவிட்டுப் போகும்.