சாக்ரமென்டோவில் புகை நாள்: ஜன்னலைத் திறக்கலாமா?

தம்பி, காரைக்குடியிலிருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு வந்த முதல் கோடையிலேயே காட்டுத்தீப் புகையில் வானம் மஞ்சளாகிவிட்டது, செயற்கைக்கோள் படத்தில் ஊரே புகைக்குள் கிடக்கிறது, ஆனால் வாடை இல்லை, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. புகை தரையில் படிந்திருக்கிறதா, உயரத்தில் போகிறதா என்று அந்தப் படம் சொல்லாது. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பட்டப்பகலில் வானம் ஆரஞ்சாக இருண்டது. அன்றைக்குப் புகை பெரும்பாலும் மேலேயே நின்றது. அது இறங்கிய அடுத்தடுத்த நாட்களில்தான் மூச்சுவிடும் காற்று மிகவும் கெட்டது.

புகை எங்கிருந்து, எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்கத்தான் படம். நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளத்தில் கோஸ்-வெஸ்ட் செயற்கைக்கோளின் ஜியோகலர் என்ற வண்ணப் படத்தைப் போடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு படம் வரும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது மெல்லிய புகைகூட எடுப்பாகத் தெரியும். மேகம் பளிச்சென்ற வெள்ளை. புகை சாம்பல் பழுப்பு. ஓரம் கரைந்திருக்கும், அடியில் வயல் மங்கலாகத் தெரியும். செயற்கைக்கோளில் உள்ள வியர்ஸ் கருவி 375 மீட்டர் நுணுக்கத்தில் காட்டும் தீப்புள்ளிகளையும் சேர்த்தால் எந்தத் தீயின் புகை என்று பிடித்துவிடலாம்.

பலரும் தவறுவது நேரத்தில். படத்தில் இருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம், கோடையில் இங்கத்திய நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால். இங்கே மாலை 5 மணிக்கே படத்தில் தேதி மாறிவிடும். இன்னொன்று ராத்திரி. ஜியோகலர் அகச்சிவப்புக்கு மாறியதும் புகை படத்திலிருந்து மறைந்துவிடும். போய்விட்டது என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துவிடாதீர்கள். பள்ளத்தாக்கில் புகை கீழே படிவதே ராத்திரியில்தான்.

ஜன்னலுக்கு, தரையில் உள்ள கருவிகளின் அளவைக் காட்டும் அமெரிக்க அரசின் ஏர்நவ் புகை வரைபடம்தான் கணக்கு. வீட்டுக்குப் பக்கத்துக் கருவியில் காற்றுத் தரக் குறியீடு (ஏக்யூஐ) 100 தாண்டினால் அடைத்துவிடுங்கள். ஊரில் பார்த்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம்: கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் நுண்துகள் இந்தியக் கணக்கில் 100, இங்கே 150க்கு மேல்.

முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புழுங்கினால் கதவைத் திறக்கத்தான் கை போகும். அதற்குப் பதில் வீடு முழுவதற்குமான ஏசியின் விசிறியை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்குங்கள், காற்று ஃபில்டர் வழியே ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் தாங்குமென்றால் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டர் போடுங்கள்; ஓரத்தில் அச்சிட்ட அம்பு காற்று போகும் திசையில், அதாவது விசிறிப் பக்கம், இருக்க வேண்டும். அடைத்த வீட்டில் மிளகாய் வறுக்காதீர்கள், உள்ளேயே நுண்துகள் ஏறிவிடும். அன்றைக்கு இட்லி போதும். எண் 50க்குக் கீழே இறங்கியதும் எல்லா ஜன்னலையும் திறந்து, உள்ளே தங்கியதை வெளியே விடுங்கள்.