நகம் பட்டாலே கீறும் கல்சட்டி: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: புளிக்குழம்பு வைக்கக் கல்சட்டி ஒன்று வாங்கினேன். நகத்தால் சுரண்டினாலே வெள்ளைப் பொடி வருகிறது. சமையல் மேடை கருப்பு கிரானைட். கத்தியால் இழுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சட்டி போலியா?

பதில்: இல்லை. எவ்வளவு சுரண்டியும் பொடி வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு கல்லும் சிலிக்கேட்தான், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் அடிப்படையான கனிமங்கள். நடுவில் ஒரு சிலிக்கன் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்: இந்த நான்முகிதான் (நான்கு முகமுள்ள வடிவம்) அடிப்படை. பக்கத்து நான்முகிகளோடு எத்தனை ஆக்சிஜனைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதைப் பொறுத்துக் கல்லின் குணம் மாறும்.

நான்கையும் பங்கு போட்டால் எல்லாத் திசையிலும் பின்னிய கட்டமைப்பு. குவார்ட்ஸ் என்ற கனிமம் அப்படித்தான், கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவில் கடினம் 7. அதே கட்டமைப்புள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் 6. இரண்டை மட்டும் பங்கு போட்டால் நீளச் சங்கிலி, அதாவது பைராக்சீன் வகைக் கனிமம். கருப்பு கிரானைட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. பைராக்சீனும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த டோலரைட் போன்ற கல். அதில் கத்தி இழுத்த இடத்தில் சாம்பல் கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் கத்தியிலிருந்து தேய்ந்த இரும்பு!

உங்கள் சட்டி மாக்கல். அதில் முக்கியமானது டால்க் என்ற கனிமம். இங்கே ஒவ்வொரு நான்முகியும் மூன்று ஆக்சிஜனைப் பங்கு போட்டுத் தட்டையான தகடாகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே மெக்னீசியம். இந்த அடுக்கில் மின்சுமை மிச்சமே இல்லை. அதனால் அடுத்த அடுக்கோடு லேசான ஈர்ப்பு மட்டும்தான். விரல் பட்டதும் சீட்டுக்கட்டு மாதிரி சறுக்கும். கடினம் 1, நகமே சுமார் 2.5. மைக்காவும் அடுக்குதான், ஆனால் இடையில் பொட்டாசியம் பிடித்து வைத்திருப்பதால் ஏடாக உரியும், இப்படிப் பொடியாகாது. மாக்கல்லில் குளோரைட் போன்ற வேறு கனிமங்களும் கலந்திருப்பதால் சட்டிக்குச் சட்டி கொஞ்சம் வேறுபடும்.

சரி, புளி அரிக்காதா? அடுக்குக்கு உள்ளே பிணைப்பு கெட்டி. புளியின் அமிலம் டால்க்கை ஒன்றும் செய்யாது. அதைவிடக் கடினமான மார்பிளில் எலுமிச்சைச் சாறு பட்டால் தடம் விழும், ஏனென்றால் அது அமிலத்தில் கரையும் கார்பனேட்.

கம்பி நார் வேண்டாம், மரக்கரண்டி போதும். புதுச் சட்டியை அரிசி கழுவிய நீரும் எண்ணெயும் வைத்துச் சில நாள் பழக்கிய பிறகு, சிறு தீயில் ஏற்றுங்கள். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். அடுப்பைக் கொஞ்சம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள். இறக்கிய பிறகும் குழம்பு கொதிக்கும்.