வென்ட் பைப் அடியில் கசிவு: சிமென்ட் பூசியும் நிக்கல

பாத்ரூம் கழிவுக்குழாயின் காற்று வெளியேற மொட்டை மாடிக்கு மேலே நீட்டி நிக்கிற பைப்தான் வென்ட் பைப். அது தளத்தில் நுழையிற இடத்தில் சிமென்ட் பூசியும் பாத்ரூம் சீலிங்கில் கசியுதுன்னா, அதுமேல இன்னொரு தடவை சிமென்ட் பூசாதீங்க, வீண்செலவு. வழவழப்பான பி.வி.சி. பைப்பில் சிமென்ட் பிடிக்காது. வெயிலில் பைப் விரிஞ்சு ராத்திரி சுருங்கும்போது சுத்திலும் முடி அளவு விரிசல் விடும். மழைத்தண்ணி அதுவழியாத்தான் இறங்கும்.

எதுக்கும் ஒரு சோதனை: மொட்டை மாடியில் பைப்பைச் சுத்தி களிமண் வரப்பு கட்டி 2 அங்குலம் தண்ணி நிறுத்துங்க. அரை நாளில் பாத்ரூம் சீலிங் நனைஞ்சா இடம் அதுதான். நனையலைன்னா பைப்போட மேல்மூடியையும் ஜாயின்ட்டையும் பாருங்க.

1. பைப்பை ஒட்டி 10 மி.மீ. அகலம், அதே ஆழத்துக்குப் பழைய பூச்சை வெட்டி எடுங்க.
2. பைப்பை உப்புத்தாளால் தேய்ச்சு, தூசியில்லாமத் துடைச்சு, வெட்டின பள்ளத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் மாதிரி இழுபடுற அடைப்புப் பசை) நிரப்புங்க. சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் கோட்டிங் ஒட்டாது.
3. காய்ஞ்சதும் ஃபைபர் மெஷ் (இழை வலைத்துணி) வெச்சு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் 2 தடவை, பைப்பில் அரை அடி உயரம் வரை.

தளம் நல்லாக் காயாம ஆரம்பிக்காதீங்க. உள்ளே ஈரம் இருந்தா கோட்டிங் கொப்பளிச்சு உரிஞ்சுடும்.