மண்டலே அரண்மனையை அழித்தது ஜப்பானியரா, பிரிட்டிஷாரா?

மியான்மரின் யாங்கோனிலிருந்து மண்டலேக்குச் சுற்றுலா போய்வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி இது. பழியை ஜப்பானியர்மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

மிண்டோன் மன்னர் 1850களின் இறுதியில் கட்டிய தேக்குமர அரண்மனை அது. 1885இல் அவர் மகன் தீபோ மன்னரைப் பிடித்து நாடுகடத்திய பிரிட்டிஷார், அதற்கு டஃபரின் கோட்டை என்று பெயரிட்டுப் படைமுகாம் ஆக்கினார்கள். பொக்கிஷங்கள் சூறையாடப்பட்டன. சிங்காசனம் கல்கத்தாவுக்குப் போய், விடுதலைக்குப் பிறகே திரும்பி வந்தது. மன்னர் வாழ்ந்த இடத்தில் வெள்ளைக்காரர்களின் கிளப் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதைத் தங்கள் தளமாக்கினார்கள். 1945 மார்ச்சில் பிரிட்டிஷ் தரப்பின் 19ஆவது இந்திய டிவிஷன் கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கியும் விமானக் குண்டும் பொழிந்தன. செங்கல் மதில் தாங்கியது. உள்ளிருந்த தேக்கு தாங்கவில்லை, எரிந்துபோனது. நாணயச்சாலையும் காவல் கோபுரமும் மட்டுமே தப்பின. ஆக, கோட்டையைப் போர்க்களமாக்கியவர்கள் ஜப்பானியர், குண்டு போட்டவர்கள் பிரிட்டிஷ் தரப்பினர்.

இன்று நீங்கள் பார்ப்பது 1990களில் எழுப்பிய நகல். கான்கிரீட்டும் தகரக் கூரையும் கலந்தது. அசல் வேலைப்பாடு வேண்டுமானால் ஷ்வேநந்தோ மடாலயத்துக்குப் போங்கள். அது முதலில் அரண்மனைக்குள் இருந்த மாளிகை. தந்தை இறந்த அந்த மாளிகையில் ஆவி உலவுகிறது என்று பயந்த தீபோ, அதைப் பிரித்து மதிலுக்கு வெளியே மடமாக எழுப்பினார். அதனால் அது தீயிலிருந்து தப்பியது.