ஐடி வேலைல இருந்துட்டே தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம் கோடிங் பண்ணி ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் பிசினஸ் கொண்டு வர முடியுமா?

முடியும். ஆனா அந்த "ராத்திரி ரெண்டு மணி நேரம்" கணக்குதான் உதைக்குது. நீங்க அனேகமா ஓஎம்ஆர் பக்கம் ஏதோ ஒரு கம்பெனில இருப்பீங்க, அப்ரைசல்ல கடுப்பாகி, யூடியூப்ல நாலு கோர்ஸ் பாத்துட்டு இதைக் கேக்குறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் அங்க குப்பை கொட்டினவன்தான்.

இப்ப மதுரைல மளிகைக் கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விக்கிறேன். பெரிய ஆள்லாம் இல்ல, குடும்பம் ஓடுது, கூட ரெண்டு பசங்களுக்குச் சம்பளம் குடுக்குறேன். கோடிங் முன்னாடியே தெரியும், தொழிலைக் கத்துக்கிட்டது கீழமாசி வீதில ஒரு கடைல, கல்லாவுக்குப் பின்னாடி அரிசி மூட்டை மேல உக்காந்து. அங்க பில் போடற அக்கா ஒரு கைல பொட்டலத்தப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கைலதான் தட்டுவாங்க, மவுஸைத் தொடவே மாட்டாங்க. அதனால என்னோடதுல எல்லாமே நம்பர் பேடுலயே முடிஞ்சிரும்.

அண்ணாச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தம்பி, பில்லு தமிழ்ல வரணும். ஜனம் வீட்ல போய் சரி பாக்கணும்ல." சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். கடைல இருக்கற மூணு இஞ்ச் தெர்மல் பிரிண்டர்ல பெரும்பாலும் தமிழ் எழுத்தே கிடையாது, தமிழை அப்படியே அனுப்புனா கேள்விக்குறியா அடிச்சுத் தள்ளும். பில்ல மொத்தமா படமாக்கி அனுப்பலாம், ஆனா திக்கித் திக்கி அடிக்கும், பின்னாடி கூட்டம் முணுமுணுக்கும். நான் என்ன பண்ணேன்னா, பொருள் பேரை மட்டும் ஒரு தடவை படமாக்கி சேத்து வச்சுக்கிட்டேன், பேர் ஒரு வரி படமா வரும், அதுக்குக் கீழ எடையும் ரேட்டும் பிரிண்டரோட சொந்த எழுத்துல. இன்னிக்கும் என்கிட்ட வர்ற கடைக்காரங்க முக்கால்வாசிப் பேரு இதுக்காகத்தான் வர்றாங்க.

இன்னொண்ணு. அந்தக் கடை கணக்குப்பிள்ளை ஒருநாள் சும்மா பேசிட்டு இருக்கறப்ப கேட்டார், "வரி ரேட்டு மாறுனப்புறம் பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தா எந்த ரேட்டு?" அன்னிக்கே ஒவ்வொரு பொருளுக்கும் வரியைத் தேதியோட வைக்க ஆரம்பிச்சேன். 2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 22-ம் தேதிலேர்ந்து பிஸ்கட், சோப்பு, ஷாம்பு எல்லாம் 18-லேர்ந்து 5 சதவீதம், நெய் 12-லேர்ந்து 5-ன்னு அறிவிச்சப்ப, அதுவும் நவராத்திரி ஆரம்பிக்கற அன்னிக்கே அமல்னப்ப, என் கடைங்கள்ல புது ரேட்டை முன்கூட்டியே ஏத்தி வச்சுட்டோம். 20-ம் தேதி வாங்கின சோப்பு 24-ம் தேதி திரும்பி வந்தாலும் பழைய 18-லயே கழியும். பெருமைக்குச் சொல்றேன்னே வச்சுக்கோங்க.

உடனே யாராச்சும் வந்து "எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, இன்னும் மளிகைக் கடையா"ம்பாங்க. போங்க சார், நெட்டு போனா கடையைச் சாத்திட்டு உக்கார முடியுமா. இன்னொரு கோஷ்டி எதுக்கெடுத்தாலும் ஸோஹோவை இழுக்கும். அவங்க 1996-ல அட்வென்ட்நெட்டுனு ஆரம்பிச்சு நெட்வொர்க் சாஃப்ட்வேர் வித்தவங்க, கம்பெனி பேரு ஸோஹோன்னு மாறுனதே 2009-லதான். நடுவுல உள்ள வருஷத்த யாரும் பேசறதில்ல.

இதெல்லாம் கூட சமாளிச்சுரலாம், பேங்க்ல லோன் கேட்டுப் பாருங்க. சிறுதொழில்னு பதிவு பண்ண உத்யம் சர்ட்டிபிகேட் இருக்கு, வருமான வரி ரிட்டர்ன் இருக்கு, அடமானம் இல்லாம கடன் குடுக்கறதுக்குன்னே சிஜிடிஎம்எஸ்இன்னு அரசாங்க உத்தரவாதம் இருக்கு, எல்லாம் எடுத்துட்டுப் போனா மேனேஜர் கேக்குறாரு, "மெஷினரி கொட்டேஷன் எங்க?" லேப்டாப் பில்ல நீட்டினேன், சிரிச்சாரு. அதே கிளைல என் சித்தப்பா பையனுக்கு மாவு மில்லுக்கு மடமடன்னு சாங்ஷன் ஆச்சு. அவன் நல்லா இருக்கட்டும், ஆனா அவன் மில்லுல பில் போடறதும் என் சாஃப்ட்வேர்தான்யா!

சரி, உங்க விஷயம். இப்போதைக்கு வேலைய விடாதீங்க. லீவு கெடச்சா மாசம் மொத வாரத்துல போடுங்க, சம்பளம் வந்து ஜனம் மளிகை லிஸ்ட்டோட வர்ற நேரம் அது. தெரிஞ்ச கடை எதுலயாச்சும் கல்லா பக்கத்துல நில்லுங்க, லேப்டாப் வேணாம். ராத்திரி ரெண்டு மணி நேரம் கோடிங்ல தெரியாதது அங்கதான் தெரியும். டீ வாங்கியாரச் சொன்னா முகத்தத் தூக்காம போயிட்டு வாங்க.