மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஜென்னே ஊரில் உள்ள மசூதி முழுக்க மண் என்கிறார்களே, மழையில் கரையாதா?

கரையும். அதனால்தான் வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்பே ஊர் கூடிப் புதுப்பூச்சு போடுகிறது.

ஆற்று வண்டலில் உமியைக் கலந்து நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். கிட்டப் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பூச்சு நாளன்று இளைஞர்கள் கூடை கூடையாகச் சேற்றைச் சுமந்து ஓடுவார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவருவார்கள், கொத்தனார்கள் சுவரேறி வெறுங்கையால் அப்புவார்கள்.

முள்ளம்பன்றி மாதிரி சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அது வெறும் அழகுக்கு இல்லை. கொத்தனார்கள் ஏறி நின்று பூச அதுதான் நிரந்தரச் சாரம்! அப்புறம், கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் சுட்டமண் குழாய்களும் உண்டு.

இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். ஆனால் கைவேலை உள்ளூர்க் கொத்தனார்களுடையது. 1988இல் ஜென்னே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.